துவாய் போட்டு மூடியது வருத்தமில்லை

கேள்வி: என் அக்காவுக்கு 66 வயது. கலியாணம் கட்டவில்லை. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று 30 வருஷத்துக்கு மேலாகக் குளிசை எடுக்கிறா. அம்மா போன பிறகு வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருக்கிறா. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒரு டப்லட் அனுப்பியிருக்கிறான். இப்போது செயலி வழியாகவும் வீடியோ வழியாகவும் இந்த வருத்தக்காரருக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம், அக்காவையும் சேர்த்துவிடச் சொல்கிறான். இந்த வயதில் இதெல்லாம் சரிவருமா? எந்தச் செயலி நல்லது? அக்காவால் பெரிய கரைச்சல் ஒன்றுமில்லை. போன முறை வந்தபோது தம்பி அவவின் அறையில் ஒரு கமரா பூட்டிவிட்டுப் போனான். அங்கிருந்தே பார்ப்பான், அவ சாப்பிடாவிட்டால் எனக்கு மெசேஜ் போடுவான். அவ அதன்மேல் துவாயைப் போட்டு மூடிவிடுகிறா. சந்தேகக் குணம் மட்டும் இன்னும் போகவில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, டப்லட் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் கமராவைப் பற்றிக் கதைப்போம். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டீர்கள், ஆனால் எனக்கு உங்கள் கடிதமே அந்தக் கடைசி வரிகள்தான்.

யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இந்த வருத்தத்தில் அடிக்கடி வரும் பயம். உங்கள் வீட்டில் அது பயமில்லை, உள்ளதுதான். பார்க்கிறவரின் பெயரும் தெரியும், ஊரும் தெரியும். அதற்கு அக்கா என்ன செய்தா? துவாயை எடுத்து மூடினா. உடைக்கவில்லை, சத்தம் போடவில்லை, யாரையும் ஏசவும் இல்லை. உங்கள் கட்டிலைப் பார்த்தபடி சுவரில் ஒரு கமரா இருந்தால் நீங்களும் துவாயைத்தான் தேடுவீர்கள். நீங்கள் மூடினால் மானம், அக்கா மூடினால் சந்தேகக் குணமா? அவ உடுப்பு மாற்றுவது அந்த அறையில்தானே? தம்பியென்றாலும் அவன் ஒரு ஆம்பிளை. இதைக்கூட நான் பத்திரிகையில் எழுதித்தானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

அந்த மெசேஜ் கதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரவு எட்டு மணி. அக்காவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. இடியப்பத் தட்டு தொடாமல் கிடக்கிறது. நீங்கள் குசினியில். அங்கே பகல், தம்பி வேலைக்கு நடுவில் போனைத் திறந்து பார்க்கிறான், உங்களுக்கு மெசேஜ் வருகிறது. இருந்த இடத்திலிருந்தே "அக்கா, ஏன் இன்னும் சாப்பிடேல்லை?" என்று கேட்கிறீர்கள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவ என்ன நினைப்பா? தங்கள் மனதில் ஓடுவது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்று நம்புவது இந்த வருத்தத்தில் உண்டு. அக்காவை அப்படி நம்பவைக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டாலும் இதைவிடத் திறமாகச் செய்ய முடியாது.

போன கிளினிக்கில் டொக்டரிடம் என்ன சொன்னீர்கள்? "சந்தேகம் குறையேல்லை" என்று சொல்லியிருப்பீர்கள். கமரா பூட்டியிருப்பதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால், அவர் அந்தப் பாதிக் கதையை நம்பிக் குளிசையைக் கூட்டிவிடக்கூடும். வயதானவர்களுக்கு அளவு கூடினால் உடம்பு விறைக்கும், கை நடுங்கும், எழும்பும்போது தலை சுற்றும், விழுவார்கள். அக்கா விழுந்துவிடுவா என்று பயந்துதான் தம்பி கமரா பூட்டினான் என்றால், அந்தக் கமராவே அவவை விழுத்தப் பார்க்கிறது. அடுத்த முறை போகும்போது முழுவதையும் சொல்லுங்கள். நீங்களாகக் குளிசையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சரிவரும். வயது தடையில்லை. அமெரிக்காவில் சான் டியேகோவில் எரிக் கிரான்ஹோம் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 42 வயதிலிருந்து 74 வயது வரையான 76 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. நெடுங்காலமாக இந்த வருத்தத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தோடு சேர்த்துக் குழுவாகப் பயிற்சி கொடுத்தார்கள்: மனதில் வரும் நினைப்பைச் சோதித்துப் பார்ப்பது, ஆட்களோடு பழகுவது, அன்றாடச் சிக்கல்களைத் தீர்ப்பது. குரல் கேட்பது போன்ற அறிகுறிகளில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஆனால் பயிற்சி எடுத்தவர்கள் தங்கள் அலுவல்களைக் கூடுதலாகத் தாங்களே பார்த்தார்கள். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம் என்று யோசிக்கப் பழகினார்கள். 66 வயதில் அது சின்ன விஷயமில்லை.

போன் வழியாகக் கொடுக்கும் பயிற்சி அதற்குப் பிறகு வந்தது. ட்ரோர் பென்-சீவ் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஃபோகஸ் என்ற செயலியை 33 பேர் ஒரு மாதம் பாவித்த முடிவு 2014இல் வந்தது. நித்திரை எப்படி, குரல் கரைச்சல் கொடுக்கிறதா, குளிசை எடுத்தாயிற்றா என்று அது கேட்கும், பதிலைப் பார்த்து அந்த நேரத்துக்கு ஏற்ற ஒரு வழி சொல்லும். கேரன் ஃபோர்டுனா என்ற ஆய்வாளரின் குழு வயதானவர்களுக்கென்று செய்த பியர்டெக் என்ற பயிற்சியில், தானும் மனநோயோடு வாழ்ந்து பழகிய ஒருவர் டப்லட்டோடு துணைக்கு இருப்பார். தமிழிலும் இல்லாமலில்லை. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010இலிருந்து புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ் அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர், பஸ்ஸிலேயே மருந்து. ஊர் தெரிந்த ஊழியர்களும் கூட இருந்தார்கள். கவனித்தீர்களா, கடைசி இரண்டிலும் கருவியைத் தனியே விடவில்லை. நோயாளிக்குப் பக்கத்தில், அவர் முகம் தெரிந்த ஒரு ஆள் இருந்திருக்கிறார்.

கிரான்ஹோம் சொல்லிக் கொடுத்ததின் அடி இதுதான்: நினைப்பைப் பிடி, ஆதாரம் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் மாற்று. வெள்ளவத்தையில் அந்தப் பயிற்சியைத் தொடங்கினால் என்ன நடக்கும்? "என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அக்கா சொல்வா. ஆதாரம் என்ன என்று திரையில் இருப்பவர் கேட்பார். அக்கா சுவரைக் காட்டுவா. அதற்குமேல் அந்த மனிதர் எதைச் சொல்லிக் கொடுப்பார்?

ஆகவே முதல் வேலை, கமராவைக் கழற்றுவது. நிற்பாட்டி வைப்பது போதாது, நிற்பாட்டியிருக்கிறதா இல்லையா என்று அவவுக்கு எப்படித் தெரியும்? அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அவவின் கண்முன்னால் ஸ்குரூவைக் கழற்றி, சாமானை அவவின் கையிலேயே கொடுங்கள். "உங்களைக் கேட்காமல் பூட்டினது பிழை" என்று சொல்லுங்கள். "உங்கள் நன்மைக்குத்தான்" என்று அதற்கு ஒரு வால் ஒட்டாதீர்கள். விழுவா என்ற பயம் உண்மையானால் குளியலறையில் பிடிகம்பி பூட்டுங்கள், இரவில் நடைபாதையில் ஒரு சின்ன லைட் எரியட்டும்.

டப்லட்டிலும் கமரா உண்டு, மறந்துவிடாதீர்கள். அதன்மேல் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, வேண்டியபோது எடுக்கவும் திரும்ப ஒட்டவும் அக்காவுக்கே காட்டிக் கொடுங்கள். அழைப்பு வந்தால் அவவே தொட்டால்தான் திறக்க வேண்டும். படம் பதிவாகுமா, யார் பார்ப்பார்கள் என்று பயிற்சி கொடுப்பவரிடம் அவவின் முன்னாலேயே கேளுங்கள். விருப்பமா என்று அவவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது எங்கேயும் இல்லை. வேண்டாமென்றால் வேண்டாம்தான், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்கலாம். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கண்புரையும் காது மந்தமுமாக இருப்பவருக்குத் திரையில் வரும் ஆள் அரைகுறையாகத்தான் தெரிவார், அரைகுறையாகக் கேட்பது இந்த வருத்தத்துக்கு நல்லதில்லை. தமிழில் கதைக்கும் ஆளாகவும் பாருங்கள். கொழும்பில் இருக்கிறோம் என்பதற்காக, மனதிலுள்ள பயத்தை அவ சிங்களத்திலோ இங்கிலீஷிலோ தேடிச் சொல்லத் தேவையில்லை. எந்தச் செயலி என்று நான் சொல்வதைவிட, அக்காவைத் தெரிந்த கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். திடீரென்று நிலைமை மோசமானால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. காசு அனுப்புகிறான், டப்லட் அனுப்புகிறான், அக்கறை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப் பிறந்தவளைப் பார்ப்பதென்றால் அவளோடு கதைப்பது. அவன் அவவைப் பார்க்கிறான், கதைப்பது உங்களோடு. குறை சொல்லிக்கொண்டேயிருக்கும் வீட்டிலும், மூச்சுவிட இடம் கொடுக்காமல் கவனிக்கும் வீட்டிலும் இந்த வருத்தம் திரும்பக் கிளம்புவது அதிகம் என்று 1970களிலேயே லண்டனில் வோன், லெஃப் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டையும் செய்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அக்காவின் டப்லட்டுக்கு எடுக்கட்டும், சாப்பிட்டாயா என்ற விசாரணை இல்லாமல் கதைக்கட்டும். கதைக்க ஒன்றுமில்லை என்பானேயானால், அம்மாவின் கறிகளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள், அக்காவுக்கு நினைவிருக்கும்.

இந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்புங்கள். கோபம் வந்தால் எனக்கு எழுதட்டும், உங்களோடு சண்டைக்கு வர வேண்டாம்.