வாசகர் கேள்வி – பதில்: வரையாடுகளின் மலையில் ஒரு பகல்

கேள்வி (திருப்பூர் வாசகி): மே மாதத் தொடக்கத்தில் கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயதைத் தாண்டிய மாமியார் ஆகியோருடன் சொந்தக் காரில் மூணாறு செல்ல இருக்கிறோம். இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். அதே நாளில் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், டாப் ஸ்டேஷன் ஆகியவற்றையும் முடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இது சரிப்படுமா? மாமியாரால் மலை ஏற முடியுமா?

பதில்: உறவினர் சொல்லும் மூன்று இடங்களும் மூணாறிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் உள்ளவை. பூங்காவின் வாயிலோ மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைக்கு வரும் சாலையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் நடுவில் மூணாறு ஊருக்குள் திரும்பி வர வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் அந்த ஊரின் வாகன நெரிசலில் சிக்கினால் பாதிப் பகல் போய்விடும். நீங்கள் எப்படியும் உடுமலை வழியாகத்தான் ஊர் திரும்புவீர்கள் என்பதால், மற்ற இடங்களை முதல் நாளில் பார்த்துவிட்டு, திரும்பும் நாளின் காலைப் பொழுதை முழுவதுமாகப் பூங்காவுக்குக் கொடுப்பதே நல்லது.

சொந்த வாகனங்களுக்குப் பூங்காவுக்குள் அனுமதி கிடையாது. சாலையோர வாயிலில் நுழைவுச்சீட்டு பெற்றுக்கொண்டு, வனத்துறையின் பேருந்தில் தேயிலைத் தோட்டங்களின் ஊடாக, பூங்காவில் பார்வையாளர்களுக்கான பகுதியான ராஜமலைக்குச் செல்ல வேண்டும். அங்கே இறங்கியபின் மலைச்சரிவை ஒட்டிய சாலையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்கலாம். சற்றே ஏற்றமான பாதைதானே தவிர, படிக்கட்டோ கரடுமுரடான பாறையோ இல்லை. உங்கள் மாமியார் கோயில் பிரகாரத்தை நிதானமாகச் சுற்றக்கூடியவராக இருந்தால் இதில் முடிந்தவரை நடந்துவிட்டு, போதும் என்று தோன்றும் இடத்தில் நின்றுகொள்ளலாம். பாதையின் முடிவில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவரை அவசரப்படுத்த வேண்டாம். வரையாடுகள் எனப்படும் மலைக் காட்டாடுகள் பல நாட்களில் சாலையோரப் புல்லிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் மட்டும் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயில் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்பதில் இரண்டு லாபங்கள் உண்டு. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறை இருப்பதால் தாமதமாக வருகிறவர்கள் வரிசையில் காத்திருந்து சலித்துப்போகிறார்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் இன்னும் நிம்மதி. மற்றொன்று மூடுபனி. காலையில் ஆனைமுடிச் சிகரத்தின் பாறை முகம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கையில் எங்கிருந்தோ ஏறி வரும் மேகம் சில நிமிடங்களில் எதிரே நிற்பவரையே மறைத்துவிடும். கோடையிலும் பிற்பகலில் மழை வருவதுண்டு. மே மாதம்தானே என்று கம்பளி ஆடையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): பிப்ரவரியில் குடும்பத்தோடு செல்லத் திட்டமிட்டோம், பூங்கா மூடியிருக்கும் என்கிறார்கள். மனிதர்களுக்குப் பழகிப்போன விலங்குகளுக்காக இரண்டு மாதம் மூடுவது சற்று அதிகமில்லையா? பக்கத்தில் வரும் ஆட்டுக்குக் குழந்தைகள் ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: அதிகமில்லை. ஏறத்தாழ ஆறு மாதச் சினைக்காலத்துக்குப்பின் வரையாடு பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும், அதுவும் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில். அதனால்தான் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களை நிறுத்திவிட்டு ஏப்ரலில் மீண்டும் திறக்கிறார்கள். உலகிலேயே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும் காடுகளில் வாழும் விலங்கு இது. நம் மாநில விலங்கும் இதுவே. இரு மாநிலங்களும் சேர்ந்து 2025-இல் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தமே 2,600-க்குச் சற்று மேல்தான் தேறியது. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தப்பித்து வளர வேண்டிய குட்டிகளுக்கு, கைப்பேசியோடு துரத்தும் கூட்டத்தின் தொல்லையும் வேண்டுமா?

நீங்கள் சொல்லும் பழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இந்த மலைகள் முன்பு தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்தன. முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்து, தங்கள் கட்டுப்பாட்டை மீறி வேறு எவரும் வேட்டையாடாமல் பார்த்துக்கொண்டார்கள். 1971-இல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது; 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. ஆக, பல தலைமுறைகளாக மனிதனிடம் பெரிதும் அடிபடாத ஆடுகள் இவை. வேறு மலைகளில் தொலைநோக்கியில் தேடிப் பார்க்க வேண்டிய விலங்கு இங்கே பத்தடி தூரத்தில் நின்று அசைபோடுவது அதனால்தான். முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டோடு கருத்த உடம்புடன் ஒரு கிடா நின்றால், அது நன்கு வளர்ந்த ஆண் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெண்ணுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு.

பிஸ்கட் கொடுத்தால் குறைவது இதுதான்: பைக்குள் தின்பண்டம் இருக்கும் என்று கற்றுக்கொண்ட ஆடு நாளை உறையோடு சேர்த்து விழுங்கும், மனிதர்களின் கால்நடைகளிடமிருந்து வரும் நோய்க்கும் பக்கத்தில் போகும். தொடுவதும் வேண்டாம். பிள்ளைகள் ஓரிடத்தில் பேசாமல் நின்றாலே ஆடு தானாக மேய்ந்துகொண்டு அருகே வரும். துரத்தினால் பாறை விளிம்பைத் தாண்டி ஒரு நொடியில் இறங்கிவிடும்.

கேள்வி (பொள்ளாச்சி மாணவி): மலை உச்சியெல்லாம் வெறும் புல்லாகவும், பள்ளத்தில் மட்டும் மரங்களாகவும் இருப்பதைப் படத்தில் பார்த்தேன். மரங்களை வெட்டிவிட்டார்களா?

பதில்: நல்ல கேள்வி. வெட்டியதால் வந்த புல்வெளி அல்ல. ஈரமும் காற்றுமறைவும் உள்ள மடிப்புகளில் சோலைக்காடு எனப்படும் குட்டை மரங்கள் அடர்ந்த பசுமைக்காடும், காற்று வீசும் திறந்த சரிவுகளில் புல்லும் சேர்ந்தே இந்த மலைகளில் மிகப் பழங்காலமாக இருந்து வருகின்றன. குளிர்கால இரவுகளில் புல்வெளியில் விழும் உறைபனி, சோலை மரங்களின் கன்றுகளைக் கருக்கிவிடுவது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. புல்லும் சோலையும் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. பூங்காவின் ஓடைகளில் ஒரு பகுதி பாம்பாற்றில் சேர்ந்து, கிழக்கே திரும்பி, அமராவதி ஆற்றுக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம் பக்கத்து வயல்களில் பாயும் தண்ணீரில் இந்த மலையின் பங்கும் இருக்கிறது என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (தேனி வாசகர்): குறிஞ்சிப் பூவைப் பார்க்க எப்போது வர வேண்டும்? ஆனைமுடியில் ஏற விடுவார்களா?

பதில்: நீலக்குறிஞ்சி இங்கே 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்த பூப்பு 2030-இல். 2018-இல் ஆகஸ்ட் வெள்ளம் சாலைகளையும் பாலத்தையும் அடித்துச் சென்றதால் பலர் பார்க்க முடியாமலே போயிற்று. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியை ராஜமலையிலிருந்து பார்ப்பதோடு நிறைவடைய வேண்டியதுதான். சுற்றுலாப் பயணிகளை அதில் ஏற விடுவதில்லை.

கேள்வி (ஈரோடு வாசகி): பூங்காவைப் பார்த்த பிறகு மிச்சமுள்ள நேரத்தை எங்கே செலவிடலாம்? பிள்ளைக்கு வளைவுகளில் வாந்தி வரும்.

பதில்: அதே சாலையில் உடுமலை நோக்கி இறங்கினால் லக்கம் அருவி வரும்; அதற்கும் கீழே மறையூரில் சந்தனக் காடும், ஆலையில் வெல்லம் காய்ச்சும் இடங்களும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் என்பதால் வாங்கும் இடத்தை விசாரித்து வாங்குங்கள். பிள்ளையை முன் இருக்கைக்குப் பின்னால், வெளியே சாலை தெரியும்படி உட்கார வைத்து, புறப்படுமுன் எண்ணெய்ப் பலகாரம் தராமல் இட்லி போன்றதை அரை வயிற்றுக்குக் கொடுங்கள். சின்னாறு வனப்பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கும். ஆகவே மறையூரிலிருந்து மாலை நான்கு மணிக்கு மேல் தாமதிக்காமல் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுங்கள்.