ஃப்ளைவீல்: ஸ்டீலா, அலுமினியமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஹோண்டா சிட்டி விடெக் வைத்திருக்கிறேன். தினமும் அவிநாசிக்கு வேலைக்குப் போவது அதில்தான். அவ்வப்போது செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக், லீவு கிடைத்தால் வால்பாறை. கிளட்ச் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கூடவே எடை குறைந்த ஃப்ளைவீல் போடலாம் என்றிருக்கிறேன். அலுமினியம் வாங்கலாமா, ஸ்டீல் போதுமா? பழையதையே லேத்தில் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், செலவு ரொம்பக் குறைவு."

கடைசி யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாங்க. ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் சுற்றும் கனமான சக்கரம். கம்பெனியில் வருவது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையில் சீக்கிரம் விட்டுவிடும். 7,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது விளிம்பு முழுக்க வெளியே பிய்த்துக்கொண்டு போகத்தான் பார்க்கிறது. கடைந்து மெலிந்த இடத்தில் பழைய கிளட்ச் சூடு உண்டாக்கிய மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், சக்கரம் உடைந்து, அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைப் பிளந்துகொண்டு வரும். கோவையில் கைதேர்ந்த கடைசல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் யார் கடைந்தாலும் வார்ப்பிரும்பு வார்ப்பிரும்புதான். கிளட்ச் உரசும் முகத்தை லேசாகச் சீவி எடுப்பது வேறு, அதில் தப்பில்லை.

சரி, எடை குறைத்தால் என்ன கிடைக்கும்? நம் தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்ற பழைய ஆயில் இன்ஜினை நினைத்துப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர், அதற்கு அவ்வளவு பெரிய சக்கரம். ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் இன்ஜின் நின்றுவிடாமல் இழுத்துப் போவது அந்தச் சக்கரம்தான். காரில் ஃப்ளைவீலுக்கும் அதே வேலை. அந்தச் சக்கரத்தை வேகமெடுக்க வைக்கவும் இன்ஜின் சக்தி செலவாகிறது. எடை குறைந்தால் அந்தச் செலவு குறையும். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாது.

ஒரு கணக்கு போடுவோம். 28 செ.மீ. விட்டம், 8 கிலோ எடை உள்ள தட்டையான சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் மொத்த விகிதம் 14 (இன்ஜின் 14 சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று), டயர் ஆரம் 30 செ.மீ. என்றால், வேகமெடுக்கும்போது அந்த 8 கிலோ காரில் சுமார் 170 கிலோ ஏற்றியதற்குச் சமம். அதே அளவில் 4 கிலோ சக்கரம் போட்டால் ஏறக்குறைய 85 கிலோவை இறக்கி வைத்த மாதிரி. ஐந்தாம் கியரில் மொத்த விகிதம் 3.2 என்றால் லாபம் நாலரைக் கிலோகூட இல்லை. கியர் விகிதத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால்தான் இப்படி. அதாவது பைபாஸில் ஒன்றும் தெரியாது. இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கரி டிராக்கில், வளைவுக்கு வளைவு கீழ் கியர்களில் ஏறி இறங்கும்போது நன்றாகவே தெரியும்.

விளிம்பில் இருக்கும் எடைக்குத்தான் இந்தக் கணக்கில் மதிப்பு அதிகம். மையத்தில் ஒரு கிலோ குறைத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது. அலுமினியம் விவகாரத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், சரி. ஆனால் கிளட்ச் பிளேட் அலுமினியத்தில் நேரடியாக உரசினால் அரித்துத் தின்றுவிடும் என்பதால் உரசும் இடத்தில் ஸ்டீல் தகடு பதிக்கிறார்கள். வெளி விளிம்பில், ஸ்டார்ட்டர் மோட்டார் பிடித்துச் சுற்றும் பல்வளையமான ரிங் கியரும் ஸ்டீல். மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதி, தேவையில்லாத இடத்திலேயே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. விளிம்பை ஒட்டிக் குடைந்தெடுத்த ஒரு நல்ல குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் சக்கரம் அதற்கு ரொம்பப் பின்தங்காது. விற்பவரிடம் எடையோடு நிலைமத் திருப்புத்திறனையும் (சக்கரத்தைச் சுழற்றி வேகமெடுக்க வைப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு, மொமென்ட் ஆஃப் இனர்ஷியா) கேளுங்கள்.

அடுத்தது சூடு. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், அது நல்லதுதான். ஆனால் ஒரே சூட்டில் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தகடு ஒரு கணக்கில் விரிய, சக்கரம் வேறு கணக்கில் விரிய, நடுவில் அடி வாங்குவது போல்ட்டுகள். 150 டிகிரி தாண்டினால் அலுமினியத்தின் பலமும் இறங்கத் தொடங்கும். டிராக்கில் கிளட்ச் முழுதாகப் பிடித்த நிலையில் ஓடும் காருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, எதிரே பஸ் வர, மேட்டில் நிறுத்தி அரைக் கிளட்சில் எடுப்பவருக்குத் தொல்லைதான். தகடு கோணினால் வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும். அதோடு சக்கரம் எவ்வளவு லேசோ, அவ்வளவு சுலபமாக மேட்டில் இன்ஜின் நின்றுபோகும். ஏசி போட்டால் ஐடிலிங் தடுமாறும், கியர்பாக்ஸில் கலகலவென்று சத்தமும் வரலாம்.

அதனால் உங்களுக்கு என் சிபாரிசு ஸ்டீல்தான், அதுவும் மிதமாகக் குறைத்தது. கம்பெனி எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருந்தால் தினசரி ஓட்டத்துக்கும் டிராக்குக்கும் ஒத்துவரும். காரை டிரெய்லரில் ஏற்றிச் செட்டிபாளையம் கொண்டுபோய், ஓட்டி முடித்து மறுபடி ஏற்றி வருபவராக இருந்தால் அலுமினியத்தையே சொல்லியிருப்பேன்.

எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் உதிரிபாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) தரச்சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸ் பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு தடவை இறக்கக் கூலி கொடுக்க வேண்டாம். போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரென்ச்சில் முடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் முதல் 500 கி.மீ. ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டிப் பிளேட்டைப் பதிய விடுங்கள், கரிக்கு அதன் பிறகு போகலாம்.