விலங்குகள் தன் இனத்தையே கொல்வதால் பரிணாமத்துக்கு ஏதாவது பயன் உண்டா?

இனத்துக்குப் பயன் எதுவும் இல்லை. கொல்கிற விலங்குக்குப் பல நேரங்களில் உண்டு. உங்கள் கேள்வியில் இவை இரண்டும் கலந்து கிடக்கின்றன. பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

"எண்ணிக்கை பெருகிவிடாமல் இருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. கூட்டத்தின் நலனுக்காகத் தன் வாரிசுகளைக் குறைத்துக்கொள்ளும் விலங்கு ஒன்று இருந்தால், அப்படிச் செய்யாத பக்கத்து விலங்கின் குட்டிகள்தான் அடுத்த தலைமுறையில் நிறைந்திருக்கும். தியாகியின் குணம் அதோடு போயிற்று.

எனக்குப் பிடித்த சான்று நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. கர்நாடகத்தின் தார்வாடுப் பக்கத்துக் காடுகளில் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா அனுமன் குரங்குகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெரிய கடுவன், அதைச் சுற்றிப் பல மந்திகள், குட்டிகள். குடும்பம் பெரும்பாலும் இப்படித்தான். பெண் துணையில்லாத கடுவன்கள் தனிக் கூட்டமாக வெளியே அலையும். ஒருநாள் அவை உள்ளே புகுந்து பழைய தலைவனை விரட்டுகின்றன. ஒன்று மட்டும் தங்கிக்கொள்கிறது. அடுத்து அது மந்திகளின் மார்பில் தொங்கும் குட்டிகளைக் குறிவைத்துக் கடித்துக் கொல்கிறது.

விலங்குகள் தம் இனத்தோடு போடும் சண்டையைச் சாவுவரை கொண்டுபோவது அரிது என்று கொன்ராட் லாரன்ஸ் போன்ற பெரிய அறிஞர்களே எண்ணியிருந்த காலம் அது. அதனால் பலர் இதை நெரிசலில் வந்த கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். அதைச் சோதிக்கத்தான் சாரா ஹர்டி என்ற அமெரிக்க மாணவி 1971இல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தார். அவர் கண்டது வேறு. குட்டிகளைக் கொல்வது கண்ணில் பட்ட கடுவனெல்லாம் இல்லை, வெளியிலிருந்து புதிதாக வந்த கடுவன். பலியாவது பால்குடிக் குட்டி.

ஏன் பால்குடி? பாலூட்டும் வரை மந்தி மறுபடி சினைக்கு வருவது தள்ளிப்போகும். குட்டி செத்தால் சில வாரங்களிலேயே தயாராகிவிடும். புதுத் தலைவனின் ஆட்சியோ சராசரியாக இரண்டு வருடம் நீடித்தால் பெரிது. சினைக்காலமே ஆறரை மாதம். யாரோ ஒருவனின் குட்டி பால் மறக்கும் வரை காத்திருந்தால், தன் குட்டி தலையெடுப்பதற்குள் அடுத்தவன் வந்துவிடுவான். கடுவன் உட்கார்ந்து கணக்குப் போடுவதாக நினைத்துவிடாதீர்கள். அப்படி நடந்துகொண்டவை அதிக வாரிசுகளை விட்டுச் சென்றன, அவ்வளவுதான்.

இது வெறும் ஊகம் என்ற எதிர்ப்பு நெடுநாள் இருந்தது. நேபாளத்தின் ராம்நகரில் எடுத்த மரபணுச் சோதனை முடிவுகள் 1999இல் வெளிவந்தன: தாக்கிய கடுவன்கள் தாங்கள் தாக்கிய குட்டிகளின் தந்தையர் அல்ல, பிறகு பிறந்த குட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் தந்தையர். அதற்கு மேலும் இதைக் கோளாறு என்று சொல்வது எனக்கு வீண் பிடிவாதமாகத் தெரிகிறது.

இதில் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது தாயின் பக்கம். அவளுக்கு இது முழு நஷ்டம். ஆகவே அவளிடமும் தந்திரங்கள் வளர்ந்திருக்கின்றன. ஏற்கெனவே சினையாக இருக்கும் மந்தி புதுக் கடுவனோடும் கூடுகிறது. பிறக்கப்போகும் குட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்று கடுவனுக்கு எழும் சந்தேகமே குட்டிக்குப் பாதுகாப்பு. கிர் காட்டுப் பெண் சிங்கங்களும் இதைத்தான் செய்கின்றன. ஒரே அணியோடு நிற்காமல் அக்கம்பக்கத்து ஆண் சிங்க அணிகளோடும் கூடுவதை ஆய்வாளர்கள் ஸ்தோத்ர சக்ரவர்த்தியும் யாதவேந்திரதேவ் ஜாலாவும் 2019இல் எழுதினார்கள். எங்கள் வீட்டுப் பரணில் ஈன்ற பூனை, ஊர்க் கடுவன் பூனை ஓட்டின் மேல் நடமாடிய மறுநாளே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் பக்கத்து வீட்டு விறகுக் குவியலுக்குக் கொண்டுபோனது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அந்த அலைச்சலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாக் கொலைக்கும் இதே விளக்கம் பொருந்தாது. ஆப்பிரிக்கக் கருங்கழுகின் கூட்டில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொல்வது உடன்பிறப்புப் போட்டி. தாய்க்கு இரண்டாவது முட்டை ஒரு காப்பு மட்டுமே. ஆஸ்திரேலியச் செம்முதுகுச் சிலந்தியில் ஆணே பெண்ணின் வாய்க்கு முன் குட்டிக்கரணம் அடித்து உடலைக் கொடுக்கிறது. உண்ணப்படும் ஆண் அதிக முட்டைகளைக் கருவுறச் செய்வதாகத் தெரிகிறது. தாய்ப் பன்றி புரண்டு படுத்துக் குட்டியை நசுக்குவதில் எந்தப் பயனையும் தேட வேண்டாம். அது விபத்து.

ஆண்கள்தான் கொலைகாரர்கள் என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களில் தன் இனத்தாலேயே நேரும் சாவுகளை ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வில் முதலிடம் பிடித்தது சிங்கமும் அல்ல, சிம்பன்சியும் அல்ல. ஆப்பிரிக்கக் கலஹாரியில் வாழும், கீரி இனத்தைச் சேர்ந்த மீர்கேட். அதன் சாவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று இந்த வகை. அங்கே தலைமைப் பெண்ணே கீழ்நிலைப் பெண்களின் குட்டிகளைக் கொன்றுவிடும். குட்டியை இழந்தவள் பிறகு தலைவியின் குட்டிகளுக்குப் பாலூட்டுவதும் உண்டு.