பதில்: ஜிட்டர் 1.6 என்றால் குரல்நாணில் கட்டியா?

வணக்கம் டீச்சர். ஒரு மாதமாக மாலையானால் தொண்டை கம்முகிறது, போனில் 'ஆ...' என்று பதிந்து குரலை அளக்கும் பிராட் மென்பொருளில் போட்டால் ஜிட்டர் 1.6 சதவீதம் வருகிறது, வரம்பு 1.04 தானே, கட்டியோ என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஒற்றை எண்ணுக்காகப் பயப்பட வேண்டாம். நீங்கள் ஒப்பிட்ட 1.04 என்ற வரம்பு, வேறொரு மென்பொருளிலிருந்து வந்தது. ஜிட்டர் என்பது குரல்நாணின் ஒரு அதிர்வுக்கும் அடுத்ததற்கும் உள்ள கால வித்தியாசம். பெண்குரலில் நொடிக்குச் சுமார் 200 அதிர்வுகள். மின்விசிறி ஓடினாலோ, கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொன்னாலோ கணக்கு மாறிவிடும். குரல் ரொம்பக் கரகரத்தால் மென்பொருளுக்கு அதிர்வை எண்ணவே வராது. இதைவிட, குரலின் அதிர்வு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டும் செப்ஸ்ட்ரல் பீக் அளவை நம்பலாம், ஒரு பத்தியை வாசித்துப் பதிந்தாலும் கிடைக்கும்.

திங்கள் காலையும் வெள்ளி மாலையும் ஒரே அறை, ஒரே தூரம், ஒரே சத்தத்தில் பதிந்து பாருங்கள். உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அப்புறம், உச்ச ஸ்தாயியில் மிக மெல்லிய சத்தத்தில் பாடிப் பாருங்கள். முன்பு எளிதாக வந்த சுரம் இப்போது காற்றாகவே போனால், வீக்கம் இருக்கலாம். எனக்கு இது ஜிட்டரைவிடப் பெரிய துப்பு.

ஆனால் கம்மல் நான்கு வாரம் தாண்டிவிட்டது, இல்லையா? சரி, பதிவை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்கோப் போட்டுக் குரல்நாணைப் பார்த்துவிடுங்கள். பதிவுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.