379-ஆ, 1,000-ஆ? ஜாலியன்வாலாபாக்கும் மனப்பாடமும்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த நாள், சுட உத்தரவிட்டவரின் பெயர், விசாரணைக் குழுவின் பெயர் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு மதிப்பெண் வாங்குவதைத் தவிர இதனால் என்ன பயன்? கொடுமை நடந்தது என்று தெரிந்தால் போதாதா? தேதியும் எண்ணும் கைபேசியில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கின்றனவே!
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கேட்டதற்குக் கைபேசி பதில் சொல்லும். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். "ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த ஊரில் ஜனங்கள் அதை மீறிக் கூடினார்கள், பெருங்கூட்டத்தைக் கண்டு மிரண்டுபோன சிப்பாய்கள் சுட்டுவிட்டார்கள்" என்று ஒருவர் நிதானமான குரலில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுமை நடந்தது என்று மட்டும் அறிந்தவருக்கு இதை மறுக்க வழியில்லை. சுட்டது 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸில் ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது ஏப்ரல் 15 என்ற இரண்டு தேதிகள் நினைவில் இருப்பவரிடமோ இந்தப் பேச்சு செல்லாது. கூட்டம் கூடக் கூடாது என்று, சுட உத்தரவிட்ட படை அதிகாரி டயர் அன்று காலை ஊருக்குள் பறையறிவித்தது உண்மைதான். ஆனால் அந்த அறிவிப்பு நகரம் முழுவதையும் எட்டவில்லை. வைசாகித் திருநாளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்திருந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு தடை இருப்பதே தெரியாது.

சிப்பாய்கள் மிரண்டுபோய்ச் சுட்டார்கள் என்பதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 50 பேர். அவர்கள் சுட்ட குண்டுகள் 1,650. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 33 வருகிறது. துப்பாக்கியில் திரும்பத் திரும்பக் குண்டு நிரப்பாமல் இத்தனை குண்டுகள் தீர்ந்திருக்க முடியாது; சுமார் பத்து நிமிடம் நின்று சுட்டார்கள். இந்த 1,650 என்ற எண் எதிரிகள் இட்டுக்கட்டியதும் அல்ல, டயரே எண்ணிக் கொடுத்தது. எச்சரிக்கை எதுவும் செய்யாமல் சுடத் தொடங்கியதையும், கூட்டம் அடர்த்தியாக இருந்த பக்கம் பார்த்துச் சுடச் சொன்னதையும், மைதானத்துக்குள் போகும் சந்து அகலமாக இருந்து கவச வண்டிகள் உள்ளே நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதையும் அவர் அரசு அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் குழுவின் முன் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். சுடாமலேகூடக் கூட்டத்தைக் கலைத்திருக்கலாம், ஆனால் அவர்கள் திரும்பி வந்து தம்மைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்பதும் அவர் சொன்ன காரணம்தான்.

ஆகவே, மனப்பாடம் செய்வதில் தவறில்லை; எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதில்தான் என் குறை. தேர்வு வழிகாட்டிகள் குழுத் தலைவரின் பெயரைக் கேட்கின்றன, 1,650-ஐக் கேட்பதில்லை. படுகொலைக்கு மறுநாள் பஞ்சாபின் குஜ்ரன்வாலா நகரத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள் என்பது எத்தனை வழிகாட்டிகளில் இருக்கிறது? மூன்று நாட்களுக்கு முன், ஏப்ரல் 10 அன்று, உள்ளூர்த் தலைவர்கள் கிச்சலுவும் சத்யபாலும் அமிர்தசரஸிலிருந்து வெளியேற்றப்பட்டதை எதிர்த்துச் சென்ற கூட்டத்தின் மீது சுட்டதையும், அதன்பின் மூண்ட கலவரத்தில் ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அதை நாம் விட்டுவிட்டால், எதிர்த்தரப்பு அதை மட்டும் எடுத்துவைத்துப் பேசும்.

ஊரடங்கு இரவு எட்டு மணிக்கு என்பதும் வறண்ட தகவல்தான். அது தெரிந்தால்தான் அங்கே கணவரை இழந்த ரத்தன் தேவியின் வாக்குமூலம் முழுதாகப் புரியும். கணவரின் உடலைக் கண்டுபிடித்த அவரால், ஊரடங்கினால் அதைத் தூக்கிப் போக ஆள் சேர்க்க முடியவில்லை. நாய்களை விரட்ட ஒரு மூங்கில் கழியை எடுத்து வைத்துக்கொண்டு, அடிபட்டவர்கள் முனகிக்கொண்டிருந்த அந்த மைதானத்தில் விடியும்வரை தனியாக உட்கார்ந்திருந்தார். காயம்பட்டவர்களை அப்படியே விட்டுவிட்டுப் படை திரும்பிப் போயிருந்தது.

கேள்வி: இறந்தவர்கள் 379 என்கிறது ஒரு புத்தகம், 1,000 என்கிறது மற்றொன்று. மாணவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?
- பள்ளி ஆசிரியர், தர்மபுரி

பதில்: இரண்டையும் சொல்லுங்கள், யார் எண்ணியது என்பதையும் சேர்த்து. 379 அரசுத் தரப்புக் கணக்கு. படுகொலை நடந்து மாதக்கணக்கில் ஆன பிறகு, இறந்தவர்களைப் பற்றிய விவரம் தாருங்கள் என்று அதிகாரிகள் ஊராரை அழைத்தார்கள். தடை செய்யப்பட்ட கூட்டத்துக்கு எங்கள் வீட்டு ஆள் போயிருந்தார் என்று அந்த அதிகாரிகளிடமே போய்ச் சொல்ல எத்தனை குடும்பங்களுக்குத் துணிவு வந்திருக்கும்? காந்தி இடம்பெற்றிருந்த காங்கிரஸ் விசாரணைக் குழு, 1,000 என்ற மதிப்பீடு மிகையல்ல என்றது. 379-ஐக் குறைந்தபட்ச எண்ணாகக் கொள்வது பிழையாகாது.

கூட்டிச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. 1997-இல் எலிசபெத் அரசியோடு அங்கே சென்ற இளவரசர் பிலிப், சுமார் 2,000 பேர் உயிர்த்தியாகம் செய்ததாகக் கூறிய பலகையைப் பார்த்து, இது மிகை, காயம்பட்டவர்களையும் சேர்த்த கணக்காக இருக்க வேண்டும் என்றார். தமக்கு அப்படிச் சொன்னது டயரின் மகன் என்றும் சேர்த்துக்கொண்டார்! சொன்ன இடமும் சொன்ன ஆளும் நயமற்றவை, ஆனால் அந்தக் கணக்கில் அவருக்குப் பிடி கொடுத்தது நம் பலகைதான். அதன்பின் பேச்சு எண்ணைச் சுற்றியே போயிற்று.

கேள்வி: டயரை லண்டனில் சுட்டுக் கொன்றவர் உத்தம் சிங்தானே?
- வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. சுட உத்தரவிட்ட ரெஜினால்ட் டயர் 1927-இல் நோயால் இறந்தார். 1940 மார்ச் 13 அன்று காக்ஸ்டன் அரங்கில் உத்தம் சிங் சுட்டது, 1919-இல் பஞ்சாப் துணைநிலை ஆளுநராக இருந்தவரும் டயரின் செயலை ஆதரித்தவருமான மைக்கேல் ஓ'டயரை. பெயர் ஒத்திருப்பதால் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். அப்போது, ஒரு படை அதிகாரியின் செயலுக்கு மேலே நின்று ஒப்புதல் தந்த நிர்வாகம் கதையிலிருந்தே காணாமல் போகிறது. அந்த நிர்வாகத்தை எழுத்தில் குற்றம் சாட்டியவர் ஒருவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்: சங்கரன் நாயர். பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து 1919-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகிய அவர்மீது, ஓ'டயர் லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1924-இல் ஜூரிகளில் பதினொருவர் ஓ'டயர் பக்கம் நின்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். மன்னிப்புக் கேட்டால் தொகையை விட்டுவிடுவதாக ஓ'டயர் சொன்னதை ஏற்காமல், 500 பவுண்டு நஷ்ட ஈட்டையும் வழக்குச் செலவையும் நாயர் கட்டினார்.