ஊசி போட்டும் ஆன்டிபாடி இல்லையா? ரத்தப் புற்றுநோய்க் குடும்பங்களின் கேள்விகள்

பதில்: ரத்தநோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர், கிருஷ்ணகிரி

காவேரிப்பட்டணத்திலிருந்து: அக்கா, அப்பாவுக்கு சி.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். மூன்று கொரோனா ஊசி போட்டும் ஆன்டிபாடி டெஸ்டில் ஒன்றுமே இல்லை. போட்டதெல்லாம் வீணா?

வீண் என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்கும் புரதம். அதைச் செய்வது பி செல் வழிவந்த வெள்ளை அணுக்கள். சி.எல்.எல்லில் கெட்டுப்போவதே அந்த பி செல்தான். நம்மூர் மாங்கூழ் ஆலையில் லோடு லோடாக இறங்கியும் அத்தனையும் வெம்பல் என்றால் கூழ் எங்கிருந்து வரும்? எண்ணிக்கை நிறைய, உருப்படியாக வேலை செய்வது குறைவு.

ஆனால் டி செல் என்று இன்னொரு படை இருக்கிறது. கிருமி புகுந்த அணுவைத் தேடி அழிப்பது அதன் வேலை. ஆன்டிபாடி டெஸ்டில் அது தெரியாது. ஆன்டிபாடி வராத பலருக்கும் ஊசிக்குப் பிறகு டி செல் விழித்துக்கொள்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதை நம்பி மெத்தனமாகவும் இருக்க வேண்டாம். சந்தைக்குப் போனால் மாஸ்க், காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர். என்னைக் கேட்டால், அந்த டெஸ்டுக்குக் கொடுத்த காசை வீட்டில் மற்றவர்களின் ஃப்ளூ ஊசிக்குக் கொடுத்திருக்கலாம்.

பென்னாகரத்திலிருந்து: எனக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), ரிடுக்ஸிமாப் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நிமோனியா ஊசி எப்போது?

அந்த மருந்து பி செல்லைத் துடைத்துவிடும். சிகிச்சை தொடங்க 2 வாரம் முன்பே போட்டிருந்தால் நல்லது. இனி, ரிடுக்ஸிமாப் கடைசி டோஸ் முடிந்து 6 மாதமாவது போகட்டும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். கடைசி டோஸ் தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பெங்களூரிலோ வேலூரிலோ ஏற்றியது இங்கே ஊசி போடுபவருக்கு எப்படித் தெரியும்?

பாலக்கோட்டிலிருந்து: மாமியாருக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கலாமா?

அதில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். சில வாரம் குழந்தையின் மலத்தில் வெளியேறும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பாட்டிக்கு அது ஒட்டக் கூடாது. நர்ஸிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி, ஊசியாகப் போட முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? சரி, பாட்டி டயப்பர் மாற்ற வேண்டாம், அவ்வளவுதான். தட்டம்மை ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அரூரிலிருந்து: ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடும் சித்தப்பாவை நாய் பிராண்டிவிட்டது. ரேபிஸ் ஊசி அவருக்கு ஆகுமா?

ஆகுமாவா! அது செத்த கிருமியில் செய்தது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு இப்போதே கிளம்புங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு லேசான கீறலுக்கும் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயாராகச் செய்துவைத்த ஆன்டிபாடி) வேண்டும். சீட்டுப் போடும் இடத்திலேயே “கேன்சர் மாத்திரை சாப்பிடுகிறார்” என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் வந்து கேட்கலாம்.