மகளைக் கைவிடுகிறோமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இரத்தப் புற்றுநோய் இரண்டாவது முறையாகத் திரும்பியிருக்கிறது. மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையில் மருத்துவம் பார்க்கும் வைத்தியர், வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பிரிவினரையும் சந்திக்கச் சொல்கிறார். அங்கே போனால் பிள்ளையை நாங்களே சாகக் கொடுப்பதாகும் என்று மாமி அழுகிறார். கணவர் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. மகளோ இரவில் கால் உளைவால் தூங்குவதில்லை. கோட்டை வாசலில் மான்களுக்குத் தீனி கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்வது? – ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது மகளின் தூங்காத இரவுகள்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்: வைத்தியர் சொன்ன பிரிவினரை இந்த வாரமே சந்தியுங்கள்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைக்குக் கடும் நோய் என்று தெரிந்த நாளிலேயே அது தொடங்கலாம், நோயை எதிர்க்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எனவே அங்கே போவதற்காக இப்போதைய வைத்தியரை விட்டு விலக வேண்டியதில்லை. சிறுவர்களுக்கான முதல் ஹொஸ்பிஸ், அதாவது இத்தகைய பராமரிப்பு இல்லம், 1982இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் திறக்கப்பட்டது. ஹெலன் என்ற சிறுமியை வீட்டில் வைத்து இரவு பகலாகப் பார்த்த பெற்றோரின் களைப்பைக் கண்டே அந்த எண்ணம் பிறந்தது. பிள்ளைகள் அங்கே சில நாட்கள் தங்குவார்கள், பெற்றோர் சற்று இளைப்பாறுவார்கள், பிறகு பெரும்பாலும் வீடு திரும்புவார்கள். இதை மாமியிடம் சொல்லுங்கள். அவருடைய அழுகை பேத்தி மீதுள்ள பாசம். அதற்காக அவரோடு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடும் வலிக்கு அங்கே தரக்கூடிய மோர்பின் என்ற மருந்தின் பெயரைக் கேட்டதும் வீட்டில் பயம் எழலாம். பிள்ளையின் எடைக்கேற்ப அளந்து, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கப்படும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதற்காகத் தரப்படுவதன்று. வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது பிள்ளை போதைக்கு அடிமையாவதும் மிக அரிது. வலி தாங்க முடியாமற் போகும் வரை காத்திராமல் நேரம் தவறாமல் கொடுப்பதே முறை. வாயால் கொடுக்கும் சாதாரண மோர்பினாயின் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் அன்றே கேட்டு வாங்குங்கள். வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

திருகோணமலையிலிருந்து கொழும்புப் பக்கம் ரயிலிலோ பஸ்ஸிலோ நோயுற்ற பிள்ளையோடு இரவு முழுவதும் பயணம் செய்வது எத்தனை கொடுமை என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே மகரகமையை விட்டுப் புறப்படுமுன் நோயின் விபரம், மருந்துகளின் அளவு ஆகியவற்றோடு, நள்ளிரவில் வலி கூடினால் என்ன கொடுப்பது, யாரை அழைப்பது என்பதையும் கடிதமாக எழுதித் தரக் கேளுங்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் எந்த வைத்தியர் தொடர்ந்து பார்ப்பார், மருந்து முடிந்தால் எங்கே எடுப்பது என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய மௌனத்தை உங்களால் தனியே உடைக்க முடியாது. வைத்தியர் வாயால் கேட்பது அவருக்கு வேறாக இருக்கும்.

மகள் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் சுவீடனில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூடப் பின்னர் வருந்தவில்லை. பேசாதிருந்த 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். நீங்களாக அந்தப் பேச்சைத் தொடங்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கும் அளவுக்கு, அவளுக்கு விளங்கும் சொற்களில், மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மான்களைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். வைத்தியரின் சம்மதத்தோடு, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, வெயில் தாழ்ந்த பின் அழைத்துச் செல்லுங்கள். மாமியும் கூட வரட்டும்.